இடுக்கித் தழும்பு

ராக்கு என்ற ஜப்பானிய மண்பாண்ட வகையைச் சேர்ந்த பழைய கறுப்புத் தேநீர்க் கிண்ணங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது இடுக்கித் தழும்பைத்தான். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கேற்ப, கியோட்டோவில் சோஜிரோ என்ற கைவினைஞர் இவற்றைச் செய்யத் தொடங்கினார். சக்கரத்தில் ஏற்றாமல், தட்டையாகத் தட்டிய களிமண்ணை ஓரங்களிலிருந்து உள்ளங்கைகளால் மேலே எழுப்பி, சற்று இறுகியபின் சீவி வடிவம் கொடுப்பது இந்த மரபின் வழி. காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துச் சேர்த்த மேற்பூச்சு உருகி நிற்கும்போதே, கிண்ணத்தை இரும்பு இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள்; அந்தப் பிடி பட்ட இடம் அப்படியே தங்கிவிடுகிறது. (ராக்கு என்ற பெயரில் சூடான கலத்தை மரத்தூளில் புதைத்துப் புகையூட்டுவது 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கலைஞர்கள் பரப்பிய வழக்கம், கியோட்டோ மரபில் அது கிடையாது.) சுட்ட மண் நுண்துளைகளுடன் இருப்பதால் தேநீரின் சூடு கைக்கு மெதுவாகத்தான் ஏறும்.

கலைஞர் ஹோனாமி கோயெட்சு செய்த 'ஃபுஜிசான்' என்ற வெண்ணிற ராக்கு கிண்ணம் ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்று. எனக்கென்னவோ அதன் வெண்மையைவிடச் சோஜிரோவின் பளபளப்பில்லாத கறுப்பே பிடித்திருக்கிறது. சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்த கிண்ணங்களை, கியோட்டோவில் 1978இல் நிறுவப்பட்ட ராக்கு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.