கவுண்டரில் குறைந்த வேகம்

வங்கிக் காசாளர் வேலையில் ஒரு நாள் நல்லபடியாக முடிந்தது என்பதற்கு ஒரே சாட்சி, மாலையில் கணக்கு நேராவதுதான். கணினி காட்டும் ரொக்கமும் கையில் இருக்கும் ரொக்கமும் ஒத்துப்போனால் பெட்டகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். பத்து ரூபாய் இடித்தாலும் கிளம்ப முடியாது. கணக்கு நேரானதற்காக யாரும் பாராட்டுவதில்லை, பாராட்ட வேண்டியதும் இல்லை; அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். எதுவும் நடக்காமல் இருந்தால்தான் எங்களுக்கு நல்ல நாள். நடக்காத ஒன்றை யார் ஏட்டில் ஏற்றுவார்கள்?

எங்களுடையது டெல்டாவில் ஒரு சிறு நகரக் கிளை. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறும் மாதங்களில் உட்கார இடம் இருக்காது. மாதம் பிறந்தால் ஓய்வூதியக்காரர்கள். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரும் நாட்களை ஒட்டி இன்னொரு கூட்டம். சிறிய கிளை என்பதால் பணம் கட்டுவது, எடுப்பது மட்டுமல்ல, வைப்புத்தொகை, பாஸ்புக், ஆயுள் சான்று என எல்லாமே அந்த ஒரு கண்ணாடிக்குப் பின்னால்தான்.

ஆண்டுக்கொரு முறை சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். எத்தனை கணக்கு தொடங்கினாய், எவ்வளவு காப்பீடு விற்றாய், எவ்வளவு வைப்புத்தொகை திரட்டினாய் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போனால் போகட்டும் என்பது போல ஒரு கட்டம்: ‘இவ்வாண்டு உங்களிடம் ஏற்பட்ட முன்னேற்றம்’. இணையவழிப் பயிற்சி ஒன்றின் பெயரை அதில் எழுதுவது என் வழக்கம். இந்த முறையும் அதையே எழுதினேன். சரிபார்ப்பவருக்குச் சான்றிதழ் எண் வேண்டுமே. ஆனால் எழுதிய பிறகு, உண்மையில் என்னதான் மாறியிருக்கிறது என்று யோசிக்கத் தோன்றியது.

முதலில் நினைவுக்கு வந்தவை 2016-உம் 2023-உம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு நாள் மூடிவிட்டு 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை கடைத்தெரு வரை நின்றது. மாற்றிக்கொள்ளும் வரம்பு 4,000 என்றார்கள், 4,500 என்றார்கள், பிறகு 2,000 என்று குறைத்தார்கள், விரலில் மை வைக்கச் சொன்னார்கள். தொண்டை கட்டி, இரவில் கண்ணை மூடினால் நோட்டுகளாக ஓடிய நாட்கள் அவை. 2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தபோதோ, ஒரு முறைக்கு 20,000 வரை மாற்றிக்கொடுத்துக்கொண்டே அன்றாட வேலையையும் பார்த்து, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். அதைப் பற்றி வீட்டில் பேசியதாகக்கூட நினைவில்லை.

இதை என் முன்னேற்றக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஆசைதான். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் ஒப்பீடு நிற்கவில்லை. 2016இல் செல்லாமல் போனது புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். 2023இல் 2,000 ரூபாய் நோட்டின் பங்கு 11 சதவீதத்துக்கும் குறைவு. போதாததற்கு நோட்டு செல்லும் என்ற உறுதி இருந்தது, நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளியின் கையில் அந்த நோட்டு இருந்ததே அபூர்வம். ஆறு வற்றிய பிறகு கடந்துவிட்டு நீச்சல் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

வேகத்தைச் சொல்லலாமா என்றால், அதுவும் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் இந்த வட்டாரத்திலேயே வேகமான காசாளர் என்று பெயர் எடுத்திருந்தேன். இப்போது பக்கத்துக் கவுண்டருக்கு வந்திருக்கும் தம்பி என்னைவிட நிச்சயமாக வேகம். எண்ணும் இயந்திரத்தை நம்பி என் விரல்கள் கைக்கணக்கைப் பாதி மறந்துவிட்டன என்பதும் உண்மை. ஆனால் நான் எந்த இடங்களில் மெதுவாகியிருக்கிறேன் என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி வந்தார். மண்சுவர் மாடத்தில் துணியில் சுற்றி வைத்திருந்த பணத்தைக் கரையான் அரித்துவிட்டது. கவுண்டரில் விரித்தபோது புற்றுமண் உதிர்ந்தது. நான்கு 500 ரூபாய் நோட்டுகள். கிழிந்த, சிதைந்த நோட்டுகளுக்கு விதி இருக்கிறது: 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில், ஒரே துண்டாக எஞ்சியிருக்கும் பெரிய பகுதி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. கொஞ்ச நோட்டுகள்தான் என்பதால் எங்கள் கிளையிலேயே முடித்துவிடலாம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது: இரண்டு தேறும், ஒன்று பாதி, ஒன்று போயிற்று.

முன்பெல்லாம் போனதைத்தான் முதலில் சொல்வேன். கஷ்டமான சேதி சீக்கிரம் முடியட்டும் என்ற நினைப்பு. அதைக் கேட்டவர் அதற்குப் பிறகு எதையும் காதில் வாங்க மாட்டார். வாக்குவாதம் தொடங்கும், மேலாளர் எழுந்து வருவார், வரிசை முணுமுணுக்கும். அன்று நான் செய்தது வேறு. தேறும் இரண்டையும் தனியே எடுத்து, ஆயிரம் ரூபாயை முதலில் அவர் கையில் கொடுத்தேன். எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பாதிக்கு உரிய 250. அதையும் முடிந்துகொண்டார். கடைசியாக எஞ்சிய துண்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, ‘இதற்கு மட்டும் வழியில்லை, பாட்டி’ என்றேன். சற்று நேரம் அதையே பார்த்தவர், ‘கரையானுக்கும் வயிறு இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இந்த வரிசையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்போது மாற்றிக்கொண்டேன் என்றும் தெரியவில்லை. ஒரு நாளில் வந்திருந்தால் அந்த நாள் நினைவிருக்கும்.

இப்படி இன்னும் சில தென்பட்டன. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வரும் முதியவர்களில், ரயில் பாதையில் உடலுழைத்து ஓய்வுபெற்றவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், கருவியில் விழாது. ‘உங்கள் ரேகை விழவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த நான், எப்போதிலிருந்தோ ‘இந்த இயந்திரம் சரியாக எடுக்க மாட்டேன் என்கிறது, வேறு விரலை வையுங்கள் ஐயா’ என்று சொல்கிறேன். குற்றம் அவர் விரலிலிருந்து இயந்திரத்துக்குப் போய்விட்டது. அவரும் பதற்றமில்லாமல் அடுத்த விரலைத் துடைத்துவிட்டு நீட்டுகிறார்.

கொஞ்சம் சிக்கலானது வேறொன்று. காவல்துறை, சிபிஐ என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டி, ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் முதியவர்களின் சேமிப்பைக் கறக்கும் மோசடி பெருகிவிட்ட காலம் இது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இதைச் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறோம், ஆனால் மிரட்டப்பட்டு வருபவர் சுவரைப் பார்ப்பதில்லை. அதனால் வயதானவர் ஒருவர் முதிர்வுக்கு முன்பே பெரிய வைப்புத்தொகையை உடைக்க வந்தால், நான் கையை நிறுத்திவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறேன். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அப்படிக் கேட்டேன். ‘என் பணத்தை எடுக்க உன்னிடம் காரணம் சொல்ல வேண்டுமா?’ என்று கிளை முழுவதும் கேட்கும்படி சத்தம் போட்டார். பணம் வீட்டு மாடிக்குத் தளம் போடத்தானாம். மோசடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

முன்பென்றால் அந்த ஒரு சத்தம் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். பதில் சொல்லாமல் விட்டோமே என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். அன்று மாலை மேலாளர் ‘காலையில் அவர் அப்படிப் பேசிவிட்டாரே’ என்று ஆறுதலாகத் தொடங்கியபோதுதான் எனக்கே நினைவு வந்தது.

இதில் ஒரு சந்தேகம் வந்தது. மரத்துப்போவதும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கவுண்டரில் பல ஆண்டு உட்கார்ந்தவர்களுக்குக் காது அடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்பவர் திட்டினாலும் அழுதாலும் அவர்களுக்கு ஒன்றுதான். நானும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறேனா?

அப்படி மரத்துப்போயிருந்தால், திட்டு வாங்கிய கையோடு கேள்வி கேட்பதையும் விட்டிருப்பேன். நமக்கெதற்கு வம்பு என்று படிவத்தை வாங்கி, முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன், வேகமும் கூடியிருக்கும். அந்த வாரமே இன்னொரு பெரியவர் வைப்புத்தொகை ரசீதோடு வந்தார். ‘யாராவது போனில் அவசரப்படுத்துகிறார்களா, ஐயா?’ என்று கேட்டேன். பக்கத்துக் கவுண்டர் தம்பி தன் வரிசையில் இருவரை அனுப்பிவிட்டு மூன்றாமவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.