காட்பாடியிலிருந்து பங்காரம் வரை

லட்சத்தீவில் 36 தீவுகள், ஆள் குடியிருப்பது 10-இல்தான். மிச்சமெல்லாம் தென்னையும் பவளப்பாறையும். போக நினைத்தால் முதல் வேலை அனுமதிச் சீட்டு. அது கையில் வராமல் ரயில் டிக்கெட்டில் கை வைக்காதீர்கள்.

காட்பாடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் கொச்சியின் எர்ணாகுளம். அங்கிருந்து கப்பல், அல்லது அகத்தித் தீவுக்குச் சிறு விமானம். அகத்தியிலிருந்து படகில் பங்காரம் தீவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். கடல் கொந்தளிக்கும், படகு ஓடுமென்று நம்ப முடியாது. மற்ற மாதங்களிலும் கப்பல் தாமதமாகும். எனவே கொச்சி திரும்பும் நாளிலேயே காட்பாடி ரயில் பதிவு செய்வது வீண். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நடுக்கடலில் ஆடும் சிறு படகுக்கு மாற வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கணும். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பைதான் சரி. வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பின் போட்டால் வயிற்றில் தங்காது.

வேலூர் வெயிலையே பார்த்தாச்சு என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வெள்ளை மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். முழுக்கைச் சட்டை அவசியம். பாறையில் நடக்கக் கெட்டி அடிச் செருப்பு, பின்வார் உள்ளதாக. பணம் ரொக்கமாக. பவளத்துண்டு பொறுக்கினால் வனவிலங்குச் சட்டம் பாயும்.