ஆறு வரி பேட்ச், மூன்று தடவை

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலில் நான் மாற்றியது ஒரே ஒரு ஃபங்ஷன், அதில் ஆறேழு வரி. அந்த மாற்றம், அதாவது பேட்ச், உள்ளே போவதற்குள் மூன்று தடவை இமெயிலில் அனுப்பி, இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனைக்கும் மூன்று தடவையும் கோடு (நிரல்) ஒழுங்காகத்தான் ஓடியது.

புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாகக் காட்டப்படும் வாசல் ஸ்டேஜிங் டிரைவர்கள். இன்னும் தேறாத டிரைவர்களைத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பார்கள். பாளையங்கோட்டை வீட்டு மச்சில் உட்கார்ந்து அதில் ஒரு வைஃபை டிரைவரைத் திறந்து எழுதும் முறையில் பிசகு இருந்தால் சொல்லும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். வரி நூறு எழுத்தைத் தாண்டுகிறது என்று ஒரே இடத்தில் ஐந்து வார்னிங். (2020 வரை எண்பதைத் தாண்டினாலே கத்தும். கர்னலின் ஸ்டைல் ஆவணம் இன்னமும் எண்பதைத்தான் விரும்புகிறது.) நீள வரிகளை நடுவில் ஒடித்தேன். கையோடு நாலு பிரேஸ், இரண்டு கமெண்ட் எல்லாவற்றையும் சரி பண்ணி, ஒரே பேட்சாக ஜிமெயிலில் ஒட்டி அனுப்பினேன்.

பேட்ச் அங்கே ஒட்டவே இல்லை. கர்னலில் ஒரு டேப் என்றால் எட்டு எழுத்து அகலம், ஸ்பேஸ் கூடாது. ஜிமெயில் என் டேப்களை ஸ்பேஸாக்கி, வரிகளையும் தன் இஷ்டத்துக்கு மடித்து வைத்திருந்தது. ஆப் பாஸ்வேர்டு எடுத்து கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வழியாகவே அனுப்பும் சென்ட்-இமெயிலை அமைப்பதில் ஒரு ராத்திரி போனது. முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

அதைவிட முக்கியமாக, அந்த டிரைவர்களைப் பராமரிக்கிறவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒரு பேட்சில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். அப்புறம், வரியை ஒடிக்கும் முன்னால் அது ஏன் நீண்டது என்று பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தேன். ஃபார் லூப்புக்குள் ஒரு இஃப், அதற்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது. ஃபங்ஷனையும் சேர்த்து ஐந்து படி, படிக்கு ஒரு டேப். படிக்கு எட்டு என்றால், முதல் எழுத்து விழும் முன்னாலேயே நாற்பது போய்விட்டது. டேப்பை இவ்வளவு அகலமாக வைத்ததே இதைக் காட்டிக்கொடுக்கத்தான். மூன்று படிக்கு மேல் போனால் நிரலைத் திருத்து என்கிறது ஆவணம். என் எடிட்டரில் டேப் நாலு என்று இருந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இஃப்களைத் தலைகீழாக்கினேன். நிபந்தனை ஒத்துவராவிட்டால் அங்கேயே கன்டினியூ, அதாவது லூப்பின் அடுத்த சுற்றுக்குத் தாவல். மூன்று இஃப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன, வரிகள் தாமாகவே குட்டையாகிவிட்டன. ஒடித்திருந்த இடங்களையெல்லாம் மறுபடி சேர்த்தேன். செக்பேட்சை வாயடைக்க வைப்பதும் கோடைச் சரி பண்ணுவதும் வேறு வேறு வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாம் தடவை பெயரில் மாட்டினேன். ஒவ்வொரு பேட்சின் அடியிலும் சைன்ட்-ஆஃப்-பை என்று பெயரும் இமெயிலும் போட வேண்டும். நான் முதலில் மாற்றத்தைக் கமிட் செய்தபோது (பதிந்தபோது) கிட்டில் என் பெயர் இனிஷியல் இல்லாமல் இருந்தது. நடுவில் இனிஷியல் சேர்த்துவிட்டு, அதே கமிட்டை அமெண்ட் (திருத்தம்) பண்ணினேன். அமெண்ட் பண்ணினாலும் எழுதியவர் பெயர் பழையதாகவே நிற்கும். கையெழுத்து மட்டும் புதுப் பெயரில் விழும். இரண்டும் ஒன்றில்லை என்று பதில் வந்தது. ரீசெட்-ஆத்தர் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் தீர்ந்தது.

அப்பா பத்திர எழுத்தர். முப்பது வருஷமாக முத்திரைத்தாளோடு மல்லுக்கட்டுகிறவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுக்கவன் பேரு ஒண்ணு, கையெழுத்துல ஒண்ணு. பத்திரம்னாலும் திருப்பித்தாம்லே அனுப்புவான்" என்றார். அந்தக் கையெழுத்து எதற்கு என்று கேட்டார். இந்தக் கோடு நான் எழுதியது, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்கிறோம்ப்பா என்றேன். "வில்லங்கம் இல்லன்னு எழுதிக் குடுக்கோம்லா, அதான்" என்றார். அதேதான். எஸ்சிஓ நிறுவனம் 2003இல் லினக்ஸுக்குள் தன் கோடு இருக்கிறது என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷம்தான் இந்தக் கையெழுத்து முறையே வந்தது.

ஒன்றுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. முந்தின பதிப்பிலிருந்து என்ன மாற்றினோம் என்பதை மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுத வேண்டும், அது கிட்டில் ஏறாது என்றேன். அடித்தல் திருத்தலைப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிற மனுஷர். "பொறவு எவன் கேட்டாலும் என்னத்தலே காட்டுவ?" என்றார். இமெயில் அப்படியே இருக்கும்ப்பா என்றேன். நம்பவில்லை.

மூன்றாவது பதிப்பை அனுப்பிப் பதினைந்து நாள் சத்தமே இல்லை. மறுபடி அனுப்பக் கை துறுதுறுத்தது. பார்த்தால், புது வெர்ஷனுக்கான கோடைச் சேர்க்கும் அந்த இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடந்துகொண்டிருந்தது. அப்போது இந்த மாதிரிப் பேட்சை யாரும் தொட மாட்டார்கள். அது முடிந்த வாரம், எடுத்துக்கொண்டோம் என்று இரண்டு வரி வந்தது. ரிலீஸில் வர இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அன்றைக்கு கிட் லாகில் அந்த இடத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெயரை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை படித்தார். "ம், ஒண்ணு போலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.