காக்காப்பொன் பின்னணியில் நடிகர்கள்

ஜப்பானிய மேடை நாடகமான கபுகியின் நடிகர்களைக் காட்டும் மர அச்சுப் படங்களை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் பாதி சங்கதி காணாமல் போய்விடும். ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை டிஜிட்டல் படமாக்குவதே என் பிழைப்பு என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

ஜப்பானிய ஓவியர் ஷராகு 1794இல் வரைந்த பெரிய முகப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றின் பின்னணி கருஞ்சாம்பல். பதிப்பாளர் ட்சுதாயா ஜூசபுரோ அதில் காக்காப்பொன் (மைக்கா) தூள் சேர்த்து அச்சிட்டார். நேராக விளக்கு போட்டால் அது அழுக்குச் சுவர் மாதிரி விழும். விளக்கைப் பக்கவாட்டில் மேசை மட்டத்துக்கு இறக்கினால் பின்னணி மினுங்கும், முகம் முன்னால் வரும். காகித நார்கூடத் தெரியும். ஆனால் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. கானாவாழை இனத்துப் பூவிலிருந்து எடுத்த நீலமும் குசும்பாப்பூச் சிவப்பும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஓவியப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது, "விளக்கை அணைச்சிட்டுப் பேசலாமா?"

என்னை அதிகம் நிறுத்திவைத்த படம், எடோபெய் என்ற அடியாள் வேடத்தில் மூன்றாம் ஒதானி ஒனிஜி. முகவாய் முன்னே நீள்கிறது, வாய் இறுகியிருக்கிறது. மார்பருகே உடையிலிருந்து விரல் விரித்த இரண்டு கைகள். அந்த முகத்துக்கு இவ்வளவு சின்னக் கைகளா என்று முதலில் தோன்றும். கைகள் சரியான அளவில் இருந்திருந்தால் அந்தப் பரபரப்பு வந்திருக்காது என்பது என் கட்சி.

எங்கள் பதிவுப் படிவத்தில் 'பாத்திரம்', 'நடிகர்' என இரண்டு கட்டங்கள். மற்ற பல ஓவியர்களின் படங்களில் நடிகர் கட்டத்தை நிரப்ப உடையிலுள்ள குலச்சின்னம் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் என்றால் இச்சிகாவா குடும்பம். ஷராகுவிடம் மூக்கே போதும். பெண் வேடம் கட்டிய மூன்றாம் செகாவா கிகுனோஜோவின் படத்திலும் ஒப்பனைக்கு அடியில் சதைப்பிடிப்பான ஆண் முகவாயை ஒளிக்காமல் வரைந்திருக்கிறார்.

அதுவே அவருக்கு வினையானது. உண்மையை அளவுமீறித் தீட்டப்போய் நீடிக்காமல் போனார் என்ற பொருளில் அக்கால எழுத்தாளர் ஓதா நன்போ குறித்துவைத்திருக்கிறார். சுமார் 10 மாதத்தில் 140க்கும் மேற்பட்ட படங்கள். பிறகு ஆளே இல்லை. அதே காலத்தில் டொயோகுனி அதே மேடைக்காரர்களை மிடுக்காக வரைந்து பேர் வாங்கினார். ரசிகர்களை நான் குறை சொல்லமாட்டேன். அபிமான நடிகரின் தாடைச் சதையை யார் காசு கொடுத்து வாங்குவார்?

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு அனுப்புகிறேன்: நிறத்துக்கு நேர் வெளிச்சம், மினுக்கத்துக்குப் பக்க வெளிச்சம். இணையப் பட்டியலின் முகப்பில் எதை வைப்பது என்ற சண்டை அலுவலகத்தில் ஓயவில்லை. நிறம் தவறாகத் தெரியும் என்கிறார்கள். தெரியட்டும், என் ஓட்டு பக்க வெளிச்சத்துக்குத்தான்.