உடம்போடு ஒத்துவராத தைராய்டு எண்கள்

தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிக உயர்ந்தும் ஃப்ரீ டி4 (புரதத்துடன் ஒட்டாமல் ரத்தத்தில் உலவும் தைராய்டு ஹார்மோன்) இயல்பாகவும் இருந்து, சம்பந்தப்பட்டவரிடம் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் போன்ற எந்த அறிகுறியும் இல்லையென்றால், மாத்திரையைத் தொடங்கும் முன் அந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் பணிபுரியும் எனது உறுதியான கருத்து.

ரத்தத்திலுள்ள டி.எஸ்.எச்.சைப் பரிசோதனைக் கருவி நேரடியாக எண்ணுவதில்லை. பெரும்பாலும் சுண்டெலியிலிருந்து உருவாக்கப்பட்ட இரண்டு எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) அந்த ஹார்மோனை இருபுறமும் பற்றிக்கொள்ளும்போது எழும் சமிக்ஞையையே அது அளக்கிறது. சிலருடைய ரத்தத்தில் இந்த விலங்கு எதிர்ப்பொருள்களையே பற்றக்கூடிய எதிர்ப்பொருள்கள் உண்டு. அவை நடுவில் ஹார்மோன் இல்லாமலேயே இரண்டையும் இணைத்துவிட்டால், இல்லாத டி.எஸ்.எச். இருப்பதாக அறிக்கை வரும்.

இதைவிடவும் என் கவனத்தை ஈர்ப்பது மேக்ரோ டி.எஸ்.எச். சுமார் 28,000 டால்டன் எடையுள்ள டி.எஸ்.எச்.சுடன் சுமார் 1,50,000 டால்டன் எடையுள்ள அவரது உடலே உருவாக்கிய ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ள, அந்தப் பெரிய மூலக்கூறு சிறுநீரகத்தின் வழியே எளிதில் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது. தைராய்டைத் தூண்டும் ஆற்றலோ அதற்கு மிகக் குறைவு. ஐஜிஜி நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்பதால், தாயிடமிருந்து சென்ற மேக்ரோ டி.எஸ்.எச். பிறந்த குழந்தையின் பரிசோதனையிலும் உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். அப்போதும் சந்தேகத்தைக் காரணம் காட்டிக் குழந்தையின் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. தாயின் ரத்தத்தையும் உடனடியாகச் சோதித்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் விலகும்.

கண்டறியும் வழிகள் கடினமானவை அல்ல. அதே மாதிரியை வேறொரு நிறுவனத்தின் கருவியில் சோதிக்கலாம். நீர்த்துப்போகச் செய்து, அளவு அதே விகிதத்தில் குறைகிறதா என்று பார்க்கலாம்; குறையாவிட்டால் குறுக்கீடு இருக்கலாம். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து எதிர்ப்பொருள்களைப் படியவைத்த பின், மேலே தெளிந்த நீரில் டி.எஸ்.எச். வெகுவாகக் குறைந்திருந்தால் மேக்ரோ டி.எஸ்.எச். என்ற ஐயம் வலுப்படும்.

தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 மீதே எதிர்ப்பொருள் உருவாவதும் உண்டு. ஹாஷிமோட்டோ போன்ற தன்னெதிர்ப்பு தைராய்டு நோயாளிகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்போது டி.எஸ்.எச். இயல்பாக இருக்க, ஃப்ரீ டி4 மட்டும் பொய்யாக உயர்ந்து தெரியலாம். பலரும் அறிந்த ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டு நொதி ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்) வேறு, அது நோயின் அடையாளம், அளவீட்டைக் கெடுப்பதில்லை.

எதிர்ப்பொருள் அல்லாத பயோட்டின் என்ற பி வைட்டமினும் இதே குழப்பத்தை விளைவிக்கும். முடி உதிர்வுக்காக அதிக அளவில் அதை உட்கொள்பவர்களுக்கு, பயோட்டினைப் பயன்படுத்தும் சில கருவிகளில் டி.எஸ்.எச். தாழ்ந்தும் ஃப்ரீ டி4 உயர்ந்தும் காட்டி, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் போலவே தோற்றமளிக்கும். 2017இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய குறுக்கீடு குறித்து எச்சரித்தது. ஆகவே ரத்தம் எடுப்பவரிடம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.