அரை நூல் கணக்கு

மார்ச் 4
குயில்ட்டுக்கு, அதான் துண்டுத் துணி சேர்த்து தைக்கிற போர்வைக்கு, ரொம்ப நாள் ஆசைப்பட்ட நட்சத்திர பிளாக்க (போர்வையோட ஒரு சதுரம்) இன்னிக்கு ஆரம்பிச்சாச்சு. பாக்கத்தான் பெரிய வேலை மாதிரி தெரியும், மூணுக்கு மூணு ஒன்பது கட்டம் அவ்ளோதான், நடுவுல ஒரு சதுரம், மூலைக்கு ஒண்ணா நாலு சதுரம், மிச்ச நாலு கட்டத்துல ரெண்டு கலர் முக்கோணம் ஒட்டிக்கிட்டு வரும், அதுங்கதான் நட்சத்திரத்தோட முனை. எல்லா சதுரமும் 3.5 இன்ச். நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள்ள போயிரும், கண்ணுக்குத் தெரியறது 3 இன்ச். பிளாக்கோட வெளி ஓரம் இன்னும் தைக்காம நிக்கும், அதனால முழு பிளாக் 9.5 வரணும்.

மார்ச் 5
முக்கோணத்தை தனியா வெட்டி தச்சா கிராஸா, மூலைவாட்டுல வெட்டின ஓரம் இழுத்துக்கிட்டு கோணிப்போகும். அதனால வெளிர் துணி ஒண்ணு, அடர் துணி ஒண்ணு, 4 இன்ச் சதுரமா வெட்டி நல்ல பக்கம் உள்ள இருக்க மாதிரி வச்சு, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி தச்சு, அப்புறம் கோட்டு மேலயே வெட்டணும். ஒரு ஜோடிக்கு ரெண்டு கட்டம் ரெடி. விரிச்சு அயர்ன் பண்ணி 3.5க்கு நறுக்கினேன், அந்த நறுக்கலை சோம்பேறித்தனத்துல விட்டுடவே கூடாது.

மார்ச் 7
மூணு வரிசையும் சேர்த்தாச்சு, டேப் வச்சா 9.25. கால் இன்ச் காணோம், நட்சத்திர முனை ரெண்டு தையலுக்குள்ள முழுங்கிப்போச்சு. மனசே ஆறல.

பிரிக்கறதுக்கு முன்னாடி காரணம் தெரியணும்னு 1.5 இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி பக்கம் பக்கமா தச்சு நடுப்பட்டையை அளந்தேன், சரியா 1 இன்ச் இருக்கணும், ஒரு நூல் (இன்ச்ல எட்டுல ஒரு பங்கு) கம்மி. அப்போ தையலுக்கு ஒவ்வொரு துணியிலயும் அரை நூல் கூட எடுத்திருக்கேன். வரிசைக்கு ரெண்டு தையல், தையலுக்கு ரெண்டு துணி, நாலு அரை நூல் சேர்ந்தா ரெண்டு நூல், அதான் காணாம போன கால் இன்ச்! துணி மடங்குற இடத்துல தையல் நூலோட தடிமனும் கொஞ்சம் தின்னும், அதனால ஸ்கேல்ல காட்டுற கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை கம்மியாவே தைக்கணும். மெஷின் பிளேட்ல துணி ஓரத்துக்கு அடையாளமா ஒட்டு டேப் ஒட்டி திரும்பத் திரும்ப பட்டை தச்சுப் பாத்தேன், மூணாவது தடவை நடுப்பட்டை 1 இன்ச் வந்துச்சு.

மார்ச் 8
வரிசைகளை பிரிச்சேன். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டிவிட்டு மறுபக்க நூலை இழுத்தா முழுசா வந்துரும், துணியை பிடிச்சு இழுக்கக் கூடாது. முக்கோண கட்டங்களை பிரிக்கல, அதுங்கள தச்சப்புறம்தானே 3.5க்கு நறுக்கினது.

திரும்ப தச்சேன். மேல் வரிசை, கீழ் வரிசை தையல் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ச்சு அயர்ன், நடு வரிசைக்கு உள்பக்கம். அயர்னை தேய்க்காம வச்சு வச்சு எடுக்கணும். இப்படி எதிரெதிரா சாய்ச்சா வரிசைகளை சேர்க்கும்போது ரெண்டு மேடும் ஒண்ணுல ஒண்ணு பூட்டிக்கும், விரல் நுனியில தடவினா பள்ளமே தட்டாது, அந்த எடத்துல குண்டூசி குத்திட்டா அசையாது.

9.5. நாலு பக்கமும் அளந்துட்டேன். முனை ஓரத்துலேந்து சரியா ரெண்டு நூல் உள்ள நிக்குது, பக்கத்து பிளாக் தையல் அந்த இடத்துல வந்து உக்காரும். டேப்பை பிளேட்டுலேந்து எடுக்கல, அடுத்த பிளாக்குக்கு நீலம் வெட்டி வச்சிருக்கேன்.