பென்டிரைவுக்குள்ள முழு லினக்ஸ்: நாலாவது தடவையில சரியா வந்துடுச்சு

இதை டைப் பண்றதே அந்தப் பென்டிரைவ்ல இருந்துதான். 64 ஜிபி, உள்ள டெபியன் 13ங்கற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப். புதன்கிழமை ராத்திரி என் லேப்டாப்ல பூட் ஆச்சு, வியாழக்கிழமை ஃபிரெண்டோட மெஷின்ல ஆச்சு, இப்போ ஹவுஸ் ஓனர் வீட்டு டெஸ்க்டாப்ல சொருகி உக்காந்திருக்கேன். மூணுலயும் அதே டெஸ்க்டாப், அதே ஃபயர்பாக்ஸ் டேப், நான் பாதியில விட்ட அதே ஃபைல். அதைவிடப் பெரிய சந்தோஷம், பிடுங்கின பிறகு மூணு மெஷினும் அதுபாட்டுக்கு விண்டோஸுக்குப் போகுது. இந்த ஒரு விஷயத்துக்குத்தான் மூணு மாசம் அலைஞ்சேன்.

லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓட்டறது), பெர்சிஸ்டன்ஸ் (அதுல பண்ற மாத்தத்தைச் சேமிக்கறது) எல்லாம் வருஷக்கணக்கா ஓட்டியாச்சு. வென்டாய்ங்கற டூல்ல நாலு ஐஎஸ்ஓ (ஓஎஸ் இமேஜ் ஃபைல்) போட்டு வச்சுக்கறது ரெஸ்க்யூ வேலைக்கு ரொம்ப வசதி, அதுல குறையே சொல்ல மாட்டேன், ஆனா தினமும் குடியிருக்க அது ஆகாது, கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) அப்டேட் போட்டாலும் பழைய கெர்னல்ல தான் பூட் ஆகும், எழுதறது எல்லாம் ஓவர்லேங்கற தனி அடுக்குல சேந்து சேந்து ஒரு நாள் இடம் தீந்து நிக்கும். எனக்கு வேண்டியது ஹார்ட் டிஸ்க்ல போடற மாதிரியே முழுசாப் போட்ட சிஸ்டம்.

முதல் தடவை ஊர்ல அப்பாவோட மளிகைக் கடை கம்ப்யூட்டர்ல வச்சுத்தான் போட்டேன், அது வேற டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை). பூட்லோடர் (ஓஎஸ்ஸை ஏத்தி விடற புரோகிராம்) எங்க போடணும்னு இன்ஸ்டாலர் கேட்ட இடத்துல பென்டிரைவைத்தான் செலக்ட் பண்ணேன், ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் கிளிக் பண்ணேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சென்னை வந்துட்டேன். திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு அப்பா ஃபோன். "ஏலே, கம்ப்யூட்டரு கருப்பா நிக்கு, கிரப்புன்னு என்னமோ போட்டு கோடு மினுங்குது, என்னலே பண்ணிட்டுப் போன?" கடையில ஆளு நிக்குது, பில் போடணும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணி எஃப்12 அமுக்குங்கப்பா, விண்டோஸ் பூட் மேனேஜர்னு ஒரு வரி வரும், அதுல எண்டர் தட்டுங்கன்னு சொன்னா, அவரு அமுக்கறதுக்குள்ள தாண்டித் தாண்டிப் போயி நாலாவது தடவையிலதான் லிஸ்ட் வந்துச்சு. போதாததுக்கு பில்லுல மணி வேற அஞ்சரை மணி நேரம் பின்னாடி, காலைல பத்தரைக்குப் போட்ட பில்லுல அஞ்சு மணின்னு இருக்கு. அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

என்ன நடந்திருக்குன்னு அடுத்த தடவை ஊருக்குப் போயி தோண்டினேன். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்த ஃபர்ம்வேர்) மெஷின்ல சில இன்ஸ்டாலர்கள் நாம செலக்ட் பண்ற டிஸ்கைக் கண்டுக்கறதே இல்ல. ஏற்கனவே ஒரு இஎஸ்பி (பூட்லோடர்கள் இருக்கற பார்ட்டிஷன்) கண்ணுல பட்டா கிரப்ங்கற லினக்ஸ் பூட்லோடரைக் கொண்டுபோய் அதுலயே வச்சுடும். அப்பா மெஷின்ல விண்டோஸோட 100 எம்பி இஎஸ்பிக்குள்ள டிஸ்ட்ரோ பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள குட்டியா ஒரு கிரப் கான்ஃபிக் ஃபைல், மூணே வரி. முதல் வரி இந்த யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள நம்பர்) இருக்கற பார்ட்டிஷனைத் தேடுன்னு சொல்லுது, ரெண்டாவது வரி அதுல பூட் கிரப் ஃபோல்டர் எங்கன்னு சொல்லுது, மூணாவது வரி அங்க இருக்கற பெரிய கான்ஃபிக்கைப் படின்னு சொல்லுது. அந்த யூயூஐடி எங்கிட்ட, சென்னையில, பைக்குள்ள. அது எப்படித் தேடிக் கிடைக்கும், கிரப் அப்படியே முழிச்சுட்டு நின்னுடுச்சு. கூடவே மதர்போர்டோட என்விரேம்ல (பூட் லிஸ்டை நினைவு வச்சுக்கற மெமரி) ஒரு என்ட்ரி எழுதி, பூட் வரிசையில தன்னைய முதல் ஆளா வச்சுக்கிச்சு. அந்த ஃபோல்டரை அழிச்சு, இஎஃப்ஐ பூட் எம்ஜிஆர் கமாண்ட்ல அந்த என்ட்ரியையும் எடுத்தேன். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் பத்திரமா இருந்துச்சு, விண்டோஸுக்கு ஒரு சேதாரமும் இல்ல.

ரெண்டாவது தடவை என் லேப்டாப்ல போட்டேன். இன்ஸ்டால் முடிஞ்ச கையோட பென்டிரைவ்ல தனி இஎஸ்பி பண்ணி, கிரப் இன்ஸ்டால் கமாண்டை ரிமூவபிள் ஆப்ஷனோட ஓட்டினேன். அப்படி ஓட்டினா இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட்ங்கற ஃபோல்டர்ல பூட்எக்ஸ்64னு பொதுப் பேர்ல போய் உக்காரும், எந்த மெஷினும் வெளி டிஸ்க்ல தேடற பேர் அதுதான். லேப்டாப்ல அருமையா வந்துச்சு. வேற மெஷின்ல சொருகினா சிவப்பு நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது, ஒரு நிமிஷம் முப்பது செகண்டு எண்ணுது, அப்புறம் எமர்ஜென்சி மோடு. எஃப்எஸ்டாப்ல (எந்த டிஸ்கை எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்) பூட் இஎஃப்ஐ வரியில இன்னும் என் லேப்டாப்போட இஎஸ்பி யூயூஐடிதான் இருக்கு! அந்த டிஸ்க் வரும் வரும்னு சிஸ்டம்டி (லினக்ஸைத் துவக்கி வைக்கற புரோகிராம்) 90 செகண்டு காத்திருந்து பாத்துட்டு கையை விரிக்குது. அந்த ஒரு வரியை மாத்தினா சரியாகியிருக்கும், ஆனா அடுத்த கிரப் அப்டேட் திரும்ப எங்க போய் எழுதுமோன்னு பயம், அழிச்சுட்டேன்.

இங்க பென்டிரைவ் பத்தி சொல்லிடறேன். பாக்கெட் மேல போட்டிருக்கற ஸ்பீடு பெரிய ஃபைலை ஒரே மூச்சுல படிக்கறதுக்கு. ஒரு ஓஎஸ் பண்றது நேர் எதிர் வேலை, 4 கேபி அளவுல பொடிப்பொடியா அங்க இங்க எழுதறது. என் பழைய பென்டிரைவ் எஃப்ஐஓங்கற ஸ்பீடு டெஸ்ட்ல அந்தக் கணக்குல செகண்டுக்கு ஒரு எம்பிகூடத் தாண்டல, ஃபயர்பாக்ஸ் திறந்தாலே மவுஸ் உறைஞ்சுடும். நடுவுல ஆன்லைன்ல மலிவா 1 டிபின்னு ஒண்ணு வாங்கி, எஃப்3 (நிஜ அளவைச் சோதிக்கற டூல்) போட்டுப் பாத்தா உள்ள அதுல ஒரு துளிதான் நிஜம், திருப்பி அனுப்பிட்டேன். எங்க வாங்கினாலும் முதல் வேலையா எஃப்3 ஓட்டுங்க. இப்போ இருக்கறது ரிச்சி தெருவுல ஒரு சின்னக் கடையில வாங்கினது, அந்த அண்ணன் கடையிலேயே என் லேப்டாப்ல சொருகி டெஸ்ட் பண்ண விட்டாரு, அதுக்காகவே நூறு ரூபா கூடக் குடுக்கலாம். அவர்கிட்டயே என்விஎம்இ என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை வெளி டிஸ்கா மாத்தற பெட்டி) ஒண்ணும் பாத்து வச்சிருக்கேன், அடுத்த மாசச் சம்பளத்துல.

மூணாவது தடவை புத்தி வேற மாதிரி ஓடுச்சு. இன்ஸ்டாலர் கண்ணுல உள் டிஸ்க்கே படக்கூடாது, அவ்வளவுதானே? லேப்டாப்பைக் கழட்டி எஸ்எஸ்டியை உருவறதுக்குப் பதிலா க்யூஎம்யூல (கம்ப்யூட்டருக்குள்ள பொய்க் கம்ப்யூட்டர் ஓட்டற டூல்) யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோட ஒரு வெர்ச்சுவல் மெஷின் திறந்து, நிஜப் பென்டிரைவை மட்டும் டிஸ்கா குடுத்துட்டேன். இப்போ இன்ஸ்டாலருக்கு உலகத்துல இருக்கறதே அந்த ஒரு டிஸ்க்தான், என்விரேம்கூடப் பொய் என்விரேம், என்ன எழுதினாலும் எழுதிட்டுப் போகட்டும். இந்த வழியைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா எக்ஸ்பர்ட் இன்ஸ்டால்ல இனிட்ஆர்டி (பூட் ஆகறப்போ முதல்ல ரேம்ல ஏறற குட்டி சிஸ்டம்) டிரைவர் ஜெனரிக்கா (எல்லா மெஷினுக்கும்) டார்கெட்டடான்னு (இந்த மெஷினுக்கு மட்டும்) கேட்டப்போ, சின்னதா இருக்கட்டுமேன்னு டார்கெட்டட் குடுத்துட்டேன். வெர்ச்சுவல் மெஷினுக்குள்ள டிஸ்க் விர்ட்டியோங்கற பொய் வகை, அதனால அதுக்கான டிரைவரை மட்டும் வச்சுக்கிச்சு. நிஜ மெஷின்ல கெர்னல் ஏறுது, ஆனா யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாம ரூட் பார்ட்டிஷனே தெரியல, இனிட்ராம்எஃப்எஸ் (அதே இனிட்ஆர்டிதான்) ஷெல்லுல கொண்டுபோய் விட்டுடுச்சு.

நாலாவது தடவை அதே வழி, ஜெனரிக். அதாவது இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக்ல மாட்யூல்ஸ் மோஸ்ட்னு (பெரும்பாலான டிரைவரையும் சேத்து) இருக்கணும், எந்த மெஷின்ல சொருகப் போறோம்னு தெரியாத சிஸ்டத்துக்கு வேற வழியே கிடையாது. ரிமூவபிள் பாத்ல போடவான்னு கேட்டதுக்கு எஸ். அதோட நிறுத்தினா போதாது, இது ரொம்ப முக்கியம்: நாளைக்கு யாரோட மெஷின்லயோ இருந்து அப்டேட் போடறப்போ கிரப் பாக்கேஜ் வந்தா, அது அந்த மெஷினோட என்விரேம்ல டெபியன்னு ஒரு என்ட்ரி எழுதிடும். அதனால டிபிகேஜி ரீகான்ஃபிகர் கமாண்ட்ல கிரப் இஎஃப்ஐ பாக்கேஜைத் திறந்து, ரிமூவபிள் பாத்துக்கு எஸ், என்விரேம் அப்டேட்டுக்கு நோ. இந்த நோ-வைத்தான் நான் மூணு மாசமாத் தேடிட்டு இருந்திருக்கேன். நேத்து கிரப்பை ரீஇன்ஸ்டால் பண்ணியே பாத்தேன், ஃபிரெண்டு மெஷின் பூட் லிஸ்ட்ல முன்ன இருந்த அதே ரெண்டு என்ட்ரி, ஒண்ணுகூடக் கூடல.

அஞ்சரை மணி நேரக் கதை இதுதான். விண்டோஸ் போர்டுல இருக்கற கடிகாரத்தை நம்ம ஊர் மணின்னு எடுத்துக்கும், லினக்ஸ் யூடிசின்னு (உலகப் பொது மணி, நம்மளதைவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி) எடுத்துக்கும், நெட்ல இருந்து சரியான மணியை எடுத்து யூடிசியாவே அதுல எழுதியும் வச்சுடும். டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல லோக்கல் ஆர்டிசி 1னு (போர்டு கடிகாரம் நம்ம ஊர் மணின்னு) வச்சுட்டேன், சொருகற மெஷின் எல்லாமே விண்டோஸ்தான், அதனால எனக்கு இதுதான் சரி.

எழுத்தைக் குறைக்க நோஏடைம் (ஃபைலைப் படிச்ச நேரத்தை எழுதாதேங்கற ஆப்ஷன்) போட்டேன், சிஸ்டம் லாகை ரேம்ல வச்சேன், டெபியன் 13ல டெம்ப் ஃபோல்டர் தானாவே ரேம்லதான் இருக்கு. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தோட ஜர்னலை (எழுதறதுக்கு முன்னாடி வச்சுக்கற குறிப்பு) எடுத்துடச் சொல்லி நிறைய பேர் சொல்றாங்க, நான் எடுக்கல, கால் தட்டிப் பிடுங்கிக்கிற டிஸ்குக்கு ஜர்னல் அவசியம் வேணும். நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சது டர்ட்டி பைட்ஸ்ங்கற கெர்னல் செட்டிங்ல. சும்மா விட்டா ரேம்ல இருபது சதவீதம் வரைக்கும் எழுதாத டேட்டாவை கெர்னல் சேத்து வச்சுட்டு ஒரேயடியா பென்டிரைவ் தலையில கொட்டும், அப்போதான் எல்லாம் உறையும். அதை 48 எம்பி, பின்னாடியே எழுத ஆரம்பிக்கற பேக்கிரவுண்டு அளவை 16 எம்பின்னு வச்ச பிறகு அப்டேட் ஓடறப்பவே டைப் பண்ண முடியுது. தமிழ் டைப் பண்ண தமிழ்99 கீபோர்டு, ஐபஸ்ங்கற டைப்பிங் புரோகிராம்ல எம்17என் வழியா.

இன்னும் ஒண்ணு பாக்கி, பழைய பயாஸ் மெஷின். அதுக்காக 1 எம்பி பயாஸ் கிரப் பார்ட்டிஷனை அப்பவே ஒதுக்கி வச்சிருக்கேன், கிரப் பிசி பின் பாக்கேஜைப் போட்டு ஐ386 (பயாஸ்) டார்கெட்டுக்கும் ஒரு தடவை எழுதணும். தங்கச்சிக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப் வீட்ல இருக்கு, அதுல விண்டோஸோட சேத்து பாஸ்ங்கற இந்திய லினக்ஸும் வந்துச்சு, நான் முதன்முதலா டெர்மினல் பாத்ததே அதுலதான், லெகசி பூட்டை அதுலயே பாத்துக்கலாம். சனிக்கிழமை ஊருக்குப் போறேன். அப்பாகிட்ட கேட்டேன், கடை அடைச்ச பிறகு ஒம்பது மணிக்கு மேல தொட்டுக்கோன்னாரு. சொருகறதுக்கு முன்னாடி அந்த மெஷினோட பூட் லிஸ்டை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டுத்தான் சொருகுவேன், காலைல அவரு முதல் பில் போட்டு மணி சரியா வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருந்துட்டு, ராத்திரி பஸ் ஏறலாம்னு இருக்கேன்.